டர்பன் குளிர்கால விடுமுறை: மாலை ஐந்து மணிக்கு முன்னும் பின்னும்

குளிர்கால விடுமுறை என்றதும் டிசம்பரை நினைப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களின் முதல் தவறு. இங்கே டிசம்பர் வேர்த்துக் கொட்டும் கோடை. குளிர் வருவது நம் ஆனி, ஆடி மாதங்களில். ஊரில் இருப்பது போல வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பிக்கொள்ளலாம் என்று இருப்பது இரண்டாவது தவறு. ஜூன் கடைசியில் சூரியன் காலை ஏழுக்குச் சற்று முன் எழுந்து, மாலை ஐந்து அடித்ததும் இறங்கிவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. ஆகவே காலையில் கிளம்பி, ஐந்துக்குள் வீட்டுக்கோ விளக்குள்ள பாதுகாப்பான இடத்துக்கோ வந்துவிட வேண்டும். மற்ற எல்லாத் திட்டமும் இதற்குள் அடக்கம்.

எந்த நாட்கள்

பள்ளி விடுமுறை ஜூன் பின்பாதியில் தொடங்கி மூன்று வாரத்துக்கு மேல் நீளும். தேதி ஆண்டுதோறும் மாறும் என்பதால் அந்த ஆண்டின் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லா மாகாணங்களுக்கும் ஒரே விடுமுறை. பள்ளி மூடியதும் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்கள் என்3 நெடுஞ்சாலை வழியாக இங்கே வந்து இறங்கும். அவர்களை ஊர்க்காரர்கள் ‘வாலிகள்’ என்று கேலியாகச் சொல்வார்கள். முதல் வெள்ளியும் கடைசி ஞாயிறும் அந்தச் சாலையைத் தவிர்த்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

அரசு விடுமுறைகளில் ஜூன் 16 இளைஞர் நாள், 1976 சொவெட்டோ மாணவர் எழுச்சியின் நினைவு. ஆகஸ்ட் 9 மகளிர் நாள், 1956-இல் பெண்கள் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போன நாள். இவை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களும் விடுமுறை. ஜூலை 18 மண்டேலா நாள், ஆனால் விடுமுறை இல்லை. அன்று 67 நிமிடம் பொதுப்பணி செய்வது வழக்கம்.

குளிர் எப்படிப்பட்டது

ஜூலையில் பகல் 22, 23 டிகிரி, இரவு 11 டிகிரி அளவில் இருக்கும். கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு இது குளிரே இல்லை என்று தோன்றும். இரவு ஒன்பதுக்குத்தான் புரியும். டர்பன் வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை: ஓட்டுத் தரை, இடுக்குள்ள சன்னல்கள், சூடேற்றும் வசதி கிடையாது. வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாக நடுங்குவீர்கள். ஆளுக்கு ஒரு தடித்த போர்வை, தரைக்குப் பாய் அல்லது கம்பளம், ஒரு வெந்நீர்ப் பை போதும். பெரிய கோட்டு வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். உள்ளே டி-ஷர்ட், மேலே ஒரு ஜெர்சி (இங்கே ஸ்வெட்டரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்), கடற்கரைக் காற்றுக்கு ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு மேலுடை. காலை ஏழுக்கு மூன்றும் வேண்டும், பதினொன்றுக்கு இரண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பீர்கள்.

மின்சார ஹீட்டர் கொண்டு வருகிறவர்கள் பிளக்கைப் பாருங்கள். இங்கே பெரிய உருண்டை முள் மூன்று உள்ள 15 ஆம்பியர் பிளக். நம் ஊரில் இஸ்திரிப்பெட்டிக்கும் கீசருக்கும் வரும் பெரிய பிளக் அப்படியே பொருந்தும், கைப்பேசிச் சார்ஜரின் சின்ன பிளக்குக்கு மாற்றி வேண்டும்.

இந்தக் குளிரில் ஒரு குறும்பு இருக்கிறது. திடீரென ஒருநாள் உள்நாட்டு மேட்டிலிருந்து வறண்ட வெப்பக்காற்று இறங்கும். ‘பெர்க் காற்று’ என்பார்கள். மேட்டிலிருந்து சரியும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதால் ஜூலையிலும் 30 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர் போய்விட்டது என்று நினைத்து ஜெர்சி இல்லாமல் வெளியே போனவர்களை, அடுத்த சில மணி நேரத்தில் தென்மேற்கிலிருந்து குளிர்க்காற்று வந்து பிடிக்கும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து டிகிரி சரியலாம். காற்று திடீரென நின்று திசை மாறினால் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

கொடியில் காயும் வெள்ளைத் துணிமீது கருப்பு இழைகள் விழுந்தால் பதற வேண்டாம். கரும்பு வெட்டுக்கு முன் தோட்டத்தில் தோகையை எரிப்பார்கள், அந்தச் சாம்பல் காற்றில் வருகிறது. கையால் துடைத்தால் கோடாகப் படியும், ஊதி உதறுங்கள்.

கடற்கரை நடை

தொடங்க நல்ல இடம் கோல்டன் மைல் நடைபாதை. தெற்கே யூஷாக்கா கடல் உலகம் என்ற கேளிக்கைப் பூங்காவிலிருந்து வடக்கே உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரை கடலை ஒட்டியே போகலாம். எட்டு மணிக்குத் தெற்கில் தொடங்குங்கள். குழந்தைகள் சோர்ந்தால் மோசஸ் மபீடா விளையாட்டரங்கை நோக்கித் திரும்பலாம். 2010 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கட்டியது, 106 மீட்டர் உயர வளைவு எங்கிருந்தும் தெரியும். நடைபாதையில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

கடலில் இறங்க நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி: குளிர்காலத்திலும் நீர் 20, 21 டிகிரி. கரையில் நட்டிருக்கும் கொடிகளுக்கு இடையில், உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். இறங்கும் முன் இரண்டு பலகைகளைப் படியுங்கள். ஒன்று சுறாவலை (குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்கக் கடலில் போடும் வலை) பற்றியது, அதைக் கீழே சொல்கிறோம். மற்றொன்று நீரின் தரம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமான பிறகு, சில கடற்கரைகளை அவ்வப்போது மூடுவது பழக்கமாகிவிட்டது. மூடியிருந்தால் அந்த நீரில் கால் நனைப்பதும் வேண்டாம்.

ஜூன் முதல் நவம்பர் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் மொசாம்பிக் பக்கம் போய்த் திரும்பும். டர்பனுக்கு வடக்கே உள்ள உம்ஹ்லாங்காவின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் அருகில் நின்று காற்றில்லாத காலையில் தொலைவில் பாருங்கள். நீராவி போல ஒரு பீச்சல் தெரிந்தால், அதே இடத்தையே பத்து நிமிடம் பார்த்திருங்கள். துறைமுகத்தை ஒட்டிய பிளஃப் குன்றின்கீழ் இதே திமிங்கிலங்களை அறுக்கும் ஆலை இருந்தது. வேட்டை நின்றது 1975-இல்தான்.

மத்தி வரும்போது

குளிர்காலத்தின் உண்மையான திருவிழா இது. தேதி குறிக்க முடியாத திருவிழா. தெற்கே ஆகுலாஸ் கடற்பரப்பிலிருந்து மத்தி மீன் கூட்டம் குளிர்ந்த நீரோடு கரையை ஒட்டி வடக்கே ஏறும். கரையோர நீர் 21 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது டர்பன் பக்கம் வரும், சூடாகவே இருந்தால் ஆழத்தில் போய்விடும். அதனால் சில ஆண்டு அமோகம், சில ஆண்டு ஏமாற்றம். ஜூன் தொடக்கத்தில் சிறு முன்கூட்டம், ஜூன் கடைசி முதல் ஜூலை வரை பெருங்கூட்டம் என்பது பொதுக்கணக்கு.

எப்படித் தெரிந்துகொள்வது? குவாசூலு-நட்டால் மாகாணச் சுறா வாரியம் விமானத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்து அறிவிக்கும். ஊர் வானொலியும் முகநூல் குழுக்களும் அதை உடனே பரப்பும். நேரில் பார்த்தால் இன்னும் எளிது: கேனட் பறவைகள் வானத்திலிருந்து அம்புபோலக் கடலில் விழுந்துகொண்டிருக்கும், நீர் கருநீலத் திட்டாகத் தெரியும், ஓரத்தில் ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளும். ஸ்காட்பர்க், பார்க் ரைனி, அமான்சிம்டோட்டி போன்ற தென்கரை ஊர்களில்தான் பெரும்பாலும் வலை விழும். டர்பனிலிருந்து ஸ்காட்பர்க் 60 கி.மீ. செய்தி வந்ததும் கிளம்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் மணலில் கால்தடம் மட்டும் இருக்கும்.

வலை இழுப்பவர்கள் உரிமம் பெற்றவர்கள். வலை கரைக்கு வரும்போது கயிற்றுக்கும் வலைக்கும் நடுவே நிற்காதீர்கள். அலை இழுத்தால் கயிறு காலை வெட்டும். கரையில் சிதறும் மீனைப் பெண்கள் முந்தானையிலும் பாவாடையிலும் வாரிக்கொள்ளும் காட்சி இங்கே ஆண்டுதோறும் நடப்பது. அதில் தயங்க ஒன்றுமில்லை. வாங்குவதானால் பெட்டிக் கணக்கில் விற்பார்கள். முதல் வலைக்குக் கேட்கும் விலை வாய் பிளக்க வைக்கும். அடுத்தடுத்த நாள் மீன் பெருகினால் மளமளவென்று இறங்கிவிடும். மூன்று வீடு சேர்ந்து ஒரு பெட்டி வாங்குவது புத்திசாலித்தனம்.

மத்தியின் பின்னால் சுறாவும் வரும், ஓங்கிலும் வரும். அவை சிக்கிச் சாகாதிருக்கச் சுறாவலைகளைக் கழற்றிவிடுவார்கள். டர்பனில் 1952 முதல் போடப்படும் இந்த வலைகள் கடலில் இல்லாத நாளில் குளிக்கத் தடை. முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். மத்தி நிற்பதும் அதே முழங்கால் அளவில்தான்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மத்தி எண்ணெய்ச் செறிவான மீன். வெயிலில் காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்தாலே அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறத் தொடங்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். ஐஸ்பெட்டி ஒன்றும், மீன் எடைக்குப் பாதியளவு ஐஸும் போகும்போதே எடுத்துச் செல்லுங்கள். பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் பை கிடைக்கும், ஆனால் மத்தி வந்த நாளில் அதுவும் தீர்ந்துபோகும்.

வறுவலுக்கு ஒரு கிலோ கணக்கு. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வரும். வயிற்றைக் கீறிக் கல்லுப்புத் தேய்த்து இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் இருந்தால் மசாலா எண்ணெயில் பிரிந்துவிடும். டர்பன் மசாலா இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் சாறு, கறிவேப்பிலை. அரைமணி ஊறட்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பின் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், ஒருமுறை மட்டும் திருப்புங்கள். நம் கடல் மத்திக்கும் இதற்கும் ருசியில் சற்று வித்தியாசம் உண்டு, அடுத்த நாள் புளிக்குழம்பில் அதுவும் தெரியாது. குழம்பில் போட்ட பிறகு கரண்டியால் கிளறாமல் சட்டியையே சுழற்றுங்கள்.

சந்தையும் பன்னியும்

மசாலா வாங்க விக்டோரியா தெருச் சந்தைக்குப் போங்கள். தெருவின் இன்றைய பெயர் பெர்த்தா ம்கீஸே தெரு, பக்கத்து கிரே தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. வரைபடத்தில் ஒரு பெயரும் வழி சொல்பவர் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும், இரண்டையும் நினைவில் வையுங்கள். வழி சொல்லும்போது ‘ரோபோட்டில் திரும்பு’ என்றால் போக்குவரத்து விளக்கு என்று பொருள். மசாலாக் கடைகளில் மாமியாரைத் தீர்த்துக்கட்டும் மசாலா என்று பெயர் எழுதிய குவியல் இருக்கும். விளையாட்டுக்கு வைத்த பெயர்தான், காரம் விளையாட்டு இல்லை. முதல்முறை 100 கிராம் வாங்கிப் பாருங்கள். காய்கறிக்கு அருகிலேயே வார்விக் பகுதியில் அதிகாலைச் சந்தை, 1934 முதல் நடப்பது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். சேப்பங்கிழங்கை இங்கே ‘மடும்பி’ என்று கேளுங்கள்.

அப்படியே நார்ட்சி ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். தோல் தளர்ந்த குளிர்கால ஆரஞ்சு வகை. அந்த ஆப்பிரிக்கான்ஸ் சொல்லே நம் ‘நாரத்தை’யிலிருந்து போனதுதான். கடைக்காரரிடம் நாரத்தை என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சரியானதை எடுத்துக் கொடுப்பார்.

மதியத்துக்குப் பன்னி சௌ (bunny chow). ரொட்டியின் நடுவைக் குடைந்து கறியை ஊற்றித் தருவது. அளவு ரொட்டிக் கணக்கில்: கால், அரை, முழுசு. ஒருவருக்குக் கால் தாராளம். ‘குவார்ட்டர் மட்டன்’ அல்லது சைவத்துக்கு ‘குவார்ட்டர் பீன்ஸ்’ என்று சொன்னால் போதும். கரண்டி கேட்காதீர்கள். மேலே வைத்திருக்கும் ரொட்டித் துண்டைக் கறியில் தோய்த்துத் தொடங்கி, விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிய்த்துக்கொண்டே போக வேண்டும். பக்கச் சுவரில் முதலில் கை வைத்தால் குழம்பு மடியில். கூடவே வரும் கேரட், வெங்காய, பச்சைமிளகாய்ச் சாலட்டை ஒதுக்க வேண்டாம், காரத்தைத் தணிப்பது அதுதான்.

சந்தைப் பகுதியில் நகை அணியாதீர்கள், கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். காரைப் பூட்டியதும் கதவுப் பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் சமிக்ஞையைத் தடுக்கும் கருவியோடு திருடர்கள் உண்டு, பூட்டிவிட்டோம் என்று நாம் நினைத்துப் போவோம். வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்குத் திரும்பி வந்தபின் ஐந்து ரேண்டோ பத்து ரேண்டோ கொடுப்பது வழக்கம். அவசரத்துக்குக் காவல் எண் 10111, கைப்பேசியிலிருந்து 112.

கிரேவில் குதிரைப் பந்தயம், காம்ரேட்ஸ் ஓட்டம்

ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை பந்தயம். 1897-இல் தொடங்கியது, இப்போது ஓட்டம் 2200 மீட்டர். குதிரையைவிட உடைதான் முக்கியம் என்பது போல ஆண்டுக்கொரு கருப்பொருளில் அலங்கரித்து வருவார்கள். பட்டுப்புடவை கட்டிப் போகலாம், கூட்டத்தில் எடுப்பாகவே இருக்கும். செருப்பின் குதிகால் மட்டும் கூர்மையாக இருந்தால் புல்லில் புதையும். ஐந்துக்குப் பின் குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச் சாலைகள் மூடப்படும் என்பதால் திரும்பும் வாடகை வண்டி எங்கே நிற்கும் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். சூதுக்கு ஒரு தொகை வரம்பு வைத்து, அதைத் தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது.

ஜூனில் நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே, ஏறக்குறைய 90 கி.மீ. பொதுவாக ஓராண்டு மேலேறும் ஓட்டம், மறு ஆண்டு இறங்கும் ஓட்டம். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் தேநீர் சகிதம் வழியில் உள்ள போத்தாஸ் ஹில் பக்கம் உட்கார்ந்து கைதட்டுவது நல்ல பொழுது. 12 மணி நேரக் கெடுவின் கடைசி நிமிடத்தில் ஓடி வருபவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடிக் கூழ்

ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பது ஊர் வழக்கு. கேழ்வரகை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இங்கே பெரும்பாலும் மக்காச்சோள மாவு, அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பிள்ளைகள், கிடைத்த மாவில் விட்டுவிடாமல் காப்பாற்றிய வழக்கம். இசிப்பிங்கோ, மவுன்ட் எட்ஜ்கம் கோயில்கள் பெயர் பெற்றவை. உங்கள் வட்டாரக் கோயிலில் எந்த ஞாயிறு என்று முன்னதாகக் கேளுங்கள்.

போகும் முன் சைவமாக இருங்கள், மூடியுள்ள தூக்குவாளி ஒன்றைக் கொண்டு போங்கள், காலை ஒன்பதுக்குள் சேருங்கள். வெறுங்காலில் சிமென்ட் தரை சில்லிடும், முதியவர்களுக்கு உட்கார ஒரு தடித்த விரிப்பு வேண்டும். அங்கே பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தேவாரமும் தாலாட்டும் மனப்பாடம். ‘வணக்கம், ஆன்ட்டி’ என்று தொடங்கி ஆங்கிலத்தில் பேசுங்கள், தமிழ் தெரியவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள்.

பனி பார்க்க

டர்பனில் பனி விழாது. வேண்டுமென்றால் டிராகன்ஸ்பர்க் மலைக்கு ஏற வேண்டும். பெர்க் காற்று அடித்து, அதன் பின் கடும் குளிர்க்காற்று வந்த மறுநாள்தான் வாய்ப்பு. வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். மலையடிவார ஊரான அண்டர்பெர்க் 200 கி.மீ., என்3-இல் ஏறிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி இடப்பக்கம் பிரியும். மரியான்ஹில் சுங்கச்சாவடிக்கு அட்டையோ சில்லறையோ வேண்டும். அதே என்3-இல் இன்னும் மேலே உள்ள வேன் ரீனன் கணவாய்ப் பக்கம் மட்டும் பனிநாளில் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் அங்கே வண்டிகள் இரவு முழுக்கச் சிக்கிக் கிடந்தன. எங்கே போனாலும் முழுத் தொட்டி பெட்ரோல், ஆளுக்கொரு போர்வை, தண்ணீர், ரொட்டி, கைப்பேசிக்கு வண்டிச் சார்ஜர்.

அண்டர்பெர்க்குக்கு மேலே உள்ள சானி கணவாய்க்கு நான்கு சக்கரங்களும் உந்தும் (4x4) வண்டிக்குத்தான் அனுமதி, உச்சி லெசோத்தோ நாட்டில். பாஸ்போர்ட் வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் லெசோத்தோ விசா விதியையும் பார்க்க வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் வந்தவர்கள் எல்லையைத் தாண்டினால் திரும்பி நுழைவது சிக்கல். அவர்கள் அடிவாரத்தோடு நிற்பது நல்லது, பனி அங்கேயும் விழுந்திருந்தால் யோகம். மூன்று மணிக்கு இறங்கத் தொடங்குங்கள், இருட்டிய பின் மலைச்சாலையில் மாடும் பனிக்கட்டியும் ஒரே நிறம். பிள்ளைகள் பனியை வீட்டுக்குக் கொண்டுபோக அழுவார்கள். மத்திக்கு எடுத்த ஐஸ்பெட்டியை அதற்குக் கொடுப்பதானால் முன்தினமே எலுமிச்சைத் தோலும் சோடா உப்பும் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.